மாப்பிள்ளை இறுக்கிய போல்ட்

என் அக்கா புருஷனுக்கு இந்த உலகத்தில் யாரிடமும் பயம் கிடையாது, சொந்த மாப்பிள்ளையைத் தவிர. ரேஸ் நடத்துகிற அதிகாரிகளிடம் மேசையைத் தட்டிச் சண்டை போடுவார். டயர் விற்கிறவனைப் போனிலேயே அழ வைப்பார். மாப்பிள்ளையின் பைக் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றதோ இல்லையோ, குரல் இறங்கிவிடும். "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, ஃபேன் போதுமா மாப்பிள்ளை" என்று ஆரம்பித்துவிடுவார்.

எங்களுடையது ரேஸ் கார் பட்டறை. காரும் பட்டறையும் அத்தானுடையவை. இன்ஜின் என் பொறுப்பு, பிரிப்பதும் சேர்ப்பதும் நான்தான். காரை ஓட்டுவது என் அக்கா பெண். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒரே இடத்தில் நின்றதில்லை என்பதால் வீட்டில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவோம். மாப்பிள்ளை அவளுடைய புருஷன். புது மாப்பிள்ளை. கல்யாண ஆல்பமே இன்னும் வந்து சேரவில்லை.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், என்னைக்கூட 'சித்தி, சித்தி' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். எல்லாம் தெரிந்தவர் என்பது ஒன்றுதான் குறை. பட்டறைக்கு வந்த முதல் நாளே ஸ்பேனர்களை நிறவாரியாக அடுக்கி வைத்தார். எல்லாமே ஒரே நிறம் என்பதால் அந்த வேலை சீக்கிரம் முடிந்தது. அதன் பிறகு எங்கள் டீமின் படங்களை ஊருக்கெல்லாம் காட்டுகிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

சீசனின் கடைசி ரேஸ் வந்துகொண்டிருந்தது. பம்பரம் புள்ளிக் கணக்கில் இரண்டாவது இடத்தில் இருந்தாள். முதலிடத்தில் இருந்த பச்சைக் கார்காரர்களுக்கு முன்னால் வந்துவிட்டால் கோப்பை அவளுக்கு. அத்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "ஜெயிச்சா அடுத்த வருஷமும் ஓட்டு, நான் தடுக்கல. இல்லன்னா இத்தோட போதும். கல்யாணம் ஆயிடுச்சு, குடும்பத்தைப் பாரு." அக்கா தலையை ஆட்டினாள். அக்காவின் தலை எதற்கும் ஆடும். "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. பம்பரம் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி" என்றாள். கார் ஓட்டுவதைத் தவிர இந்தப் பெண் எதற்காகவும் இதுவரை அடம் பிடித்ததில்லை.

அதனால் அந்த இன்ஜினை நான் கோர்த்தது வேறு மாதிரி. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற கவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினின் அடிப்பாகத்தின்மேல் ஹெட் என்கிற கனமான மூடி உட்காரும். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு. உள்ளே வெடிக்கிற நெருப்பு வெளியே வராமல் தடுப்பது அதுதான். மூடியைப் பிடித்து வைப்பவை பத்து நீள போல்ட்டுகள். மரைக்கு எண்ணெய் தடவ வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே போக வேண்டும். ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, சுற்றுச் சுற்றாக இறுக்க வேண்டும். அளவு வந்ததும், இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், கையை எடுத்துவிட வேண்டும். கடைசியாக எல்லாவற்றுக்கும் கால் சுற்றுத் திருப்பு, அவ்வளவுதான்.

'நல்லா இறுக்கினா நல்லதுதானே' என்று கேட்பவர்கள் உண்டு. போல்ட் இரும்புதான், ஆனால் ஜட்டி எலாஸ்டிக் மாதிரி வேலை செய்கிறது. இறுக்கும்போது மயிரிழை நீளும். பழைய அளவுக்குத் திரும்பத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் மூடியைப் பிடித்து வைக்கிறது. ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் துடிப்பு செத்துவிடும். அப்புறம் பார்வைக்கு இறுக்கமாக இருக்கும், ரேஸ் நடுவில் சூடு ஏறும்போது இடுப்பை விட்டு நழுவும்.

பத்தையும் முடித்து, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் மூடிமேல் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். போல்ட்டை யாராவது தொட்டுத் திருப்பினால் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். துணியைப் போர்த்திவிட்டு, எதிரே இருக்கிற அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்து இன்ஜினுக்குச் சீல் வைப்பார்கள், அதற்கப்புறம் ரேஸ் முடிகிற வரைக்கும் யாரும் திறக்க முடியாது. வேலை நேரத்தோடு முடிந்த நிம்மதியில் ஒரு கரண்டி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

திரும்பி வந்தால் போர்த்திய துணி தரையில் கிடந்தது. இன்ஜின், பெண் பார்க்க வருகிற வீட்டுப் பித்தளைப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. மஞ்சள் கோடுகளில் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் என் டார்க் ரெஞ்ச், அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, கையில் போன்.

"சித்தி, வீடியோ சூப்பரா வந்திருக்கு. குழந்தை கிறுக்கி வச்ச மாதிரி மஞ்சளா அங்கங்க இருந்துச்சு. ஃபிரேம்ல அசிங்கமா தெரிஞ்சுது. தின்னர் போட்டுத் தொடச்சிட்டேன். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, இதெல்லாம் என் வேலைதானே."

வீடியோவை வாங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை இன்ஜின்மேல் குனிகிறார். ரெஞ்ச்சைப் போடுகிறார். தோள் அசைகிறது. முகம் கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கிறது. கையும் போல்ட்டும் ஃபிரேமுக்குக் கீழே இருந்தன. 'டிக்' கேட்டதா என்று காதை வைத்துக் கேட்டேன். சத்தத்தை எடுத்துவிட்டு அவர் பாட்டுப் போட்டிருந்தார்.

தோள் அசைந்தது நடிப்பா, உண்மையா? நடிப்பு என்றால் இன்ஜின் பத்திரம். உண்மை என்றால் போல்ட்டுகள் போச்சு, இன்ஜின் போச்சு, பம்பரத்தின் பிழைப்பே போச்சு. வாய் வரை வந்த கேள்வியை அத்தான் கண்ணாலேயே அடக்கினார். பின்னாலேயே வந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. என் கையைப் பிடித்துக் கம்ப்ரஸர் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"கேட்டுடாத."

"கேக்காம எப்படி அத்தான்? அவர் இறுக்கியிருந்தா எல்லாத்தையும் மாத்தணும். புது செட் அலமாரியில இருக்கு. கேஸ்கெட்டும் இருக்கு. இப்ப ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"மாப்பிள்ளைகிட்டப் போய் 'நீங்க இறுக்கினீங்களா'ன்னு கேக்கறதும் 'நீங்க திருடினீங்களா'ன்னு கேக்கறதும் ஒண்ணுதான். அவர் கை பட்டதுக்காக இன்ஜினையே பிரிச்சா என்ன நினைப்பாரு? அவங்க வீட்டுல என்ன பேசுவாங்க?"

"உங்க பொண்ணு நடு ரோட்டுல நின்னா என்ன பேசுவாங்க?"

"அது இன்ஜின். நிக்கும், ஓடும். மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டா சரி பண்ண முடியுமா?"

அக்காவை அனுப்பிப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். "நான் எப்படிடி கேக்கறது?" என்று அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகளாவது கூடிப் பேசினவாம். எங்கள் வீட்டில் கூடிப் பேசக்கூட ஆள் இல்லை. பம்பரம் ரேஸ் டிராக்கைப் பார்க்கப் போயிருந்தாள்.

எனக்குத்தான் அப்போது அந்த அற்புதமான யோசனை வந்தது. திட்டினால் சொல்ல மாட்டார், கேட்டாலும் சொல்ல மாட்டார். புகழ்ந்தால்? தெரு முழுக்கக் கூப்பிட்டுச் சொல்வார்.

அக்காவையும் கூட்டிக்கொண்டு காபி டம்ளர்களோடு பட்டறைக்கு வந்தேன். அத்தான், அக்கா, மாப்பிள்ளை மூவரும் இருக்கும்போது இன்ஜின் பக்கத்தில் நின்று, ரெஞ்ச்சை ஒரு போல்ட்டில் வைத்துப் பார்ப்பது போல் பாவனை பண்ணி, புருவத்தை ஏற்றினேன்.

"அடேயப்பா! இந்த போல்ட்டெல்லாம் எவ்வளவு நல்லா இறுகியிருக்கு! நான்கூட இப்படி இறுக்கினதில்ல. யாரோ கை தேர்ந்த ஆளு வேலை."

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "நான்தான் சித்தி!"

"நீங்களா?"

"சும்மா போஸ் குடுக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். அப்புறம் மனசு கேக்கல. நம்ம வீட்டு வண்டியாச்சே. அந்த ரெஞ்ச்ல ஏதோ ரிப்பேர் சித்தி, வச்சதும் வச்சதும் டிக்குன்னு விட்டுடுது. நான் விடல. அதுக்கு மேல நல்லா ரெண்டு இழுப்பு, எல்லாத்தையும். ஒரு சிலதுக்கு மூணு."

போல்ட்டுகள் போச்சு. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்: உண்மை வெளியே வந்துவிட்டது, இனி பிரித்துவிடலாம். அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பெருமையில்.

"பாத்தியா?" என்றார் அக்காவிடம். "நம்ம குடும்பத்துல இத்தனை வருஷமா இன்ஜின் வேலை பாக்கறவ வாயாலயே வந்திடுச்சு. மாப்பிள்ளைக்குக் கைராசி!" அக்கா தலையை ஆட்டினாள்.

"அத்தான், நான் சொன்னது வந்து..."

"நீ சொன்னதைத்தான் சொல்றேன். 'நான்கூட இப்படி இறுக்கினதில்ல'ன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன், ஆனா..."

"இனிமே இந்த இன்ஜினை ஒருத்தரும் தொடக் கூடாது. மாப்பிள்ளை கை பட்டபடியே சீல் வைக்கட்டும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை மாப்பிள்ளை என்று நினைத்தேன், நான்தானாம். புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்து, இன்ஜினுக்கு அதிகாரிகள் வருவதற்கு முன்பே நானே சீல் வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல்லவும் சொன்னேன். இறுக்கம் அதிகமானால் போல்ட் செத்துவிடும் என்றேன். "இப்ப பொறாமையில பேசாத" என்றார் அத்தான். "பரவாயில்ல மாமா, சித்தியும் கத்துக்குவாங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினார் மாப்பிள்ளை. அந்த நிமிஷம் அந்த டார்க் ரெஞ்ச்சை வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்று நான் யோசித்ததை இங்கே எழுத முடியாது.

பம்பரம் வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, 'ரெண்டு இழுப்பு' என்றதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் தாடை சொன்னது. சின்ன வயதிலிருந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவள், அவளுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த நீளக் கம்பியை எடுத்தாள். டயர் நட்டு அசையாதபோது பயன்படுத்துகிற கம்பி அது, அவள் இடுப்பு உயரம் இருக்கும்.

"அப்பா, அவருக்குக் கைராசின்னா எனக்கும் இருக்கா பாக்கறேன். நானும் ஒரு இழுப்பு."

"அட, இழும்மா!" என்றார் அத்தான். குடும்பமே சேர்ந்து இறுக்கிய இன்ஜின் என்று மனதுக்குள் வீடியோவுக்குத் தலைப்பு வைத்திருப்பார். மாப்பிள்ளை போனைத் தூக்கினார்.

கம்பி முனையில் சாக்கெட்டைச் செருகி, ஓர் ஓர போல்ட்டின் தலையில் மாட்டினாள். காலை அகல வைத்து நின்றாள். நல்ல போல்ட் என்றால் அந்தக் கம்பியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இது மல்லுக்கட்டவில்லை. எதிர்ப்பே காட்டாமல் வழுவழுவென்று சுற்றியது. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். சாக்கெட்டை வெளியே எடுத்தாள். உள்ளே போல்ட்டின் தலையும் கொஞ்சம் தண்டும் இருந்தன. உடைந்த இடம் மெலிந்து, இழுத்த ஜவ்வு மிட்டாய் மாதிரி கூராக இருந்தது.

அத்தான் கத்தினார்: "அடிப்பாவி! மாப்பிள்ளை அவ்வளவு நல்லா இறுக்கினதை உடைச்சிட்டியே!"

"ஆமாப்பா. நான்தான் உடைச்சேன்."

"கைராசி இருக்குன்னு பேச்சு வேற!"

"எனக்குத்தான் இல்ல. இப்ப பிரிச்சுத்தானே ஆகணும்? சித்தி, புது செட்டை எடுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை மரியாதை ஒரு கீறல் இல்லாமல் பத்திரமாக இருந்தது, பழி முழுக்க அவள் தலையில், இன்ஜின் என் கையில். நான் சாமர்த்தியம் காட்டிக் கெடுத்ததை இவள் ஒரே இழுப்பில் சரி பண்ணிவிட்டாள். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அழுகையும் வந்தது.

மாப்பிள்ளை உதவிக்குக் கையை மடித்துக்கொண்டு வந்தார். பம்பரம் அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். "நீங்க வெளில நின்னு ஒருத்தரும் உள்ள வராம பாத்துக்குங்க. ரொம்ப முக்கியமான வேலை, வேற யாரையும் நம்ப முடியாது." நாங்கள் முடிக்கிற வரைக்கும் அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கறிகாய்க்காரர், தண்ணி கேன்காரர், கடைசியில் அத்தான் உட்பட ஒருவரையும் விடவில்லை. எங்கள் குடும்பத்துக்கு அவர் செய்த உருப்படியான வேலை இதுவரைக்கும் அது ஒன்றுதான்.

கழற்றிய போல்ட்டுகளைப் புதியவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பத்தில் பாதிக்கு மேற்பட்டவை கொஞ்சம் நீண்டு வளர்ந்திருந்தன. மறுநாள் சீல் வைத்த பிறகு மாப்பிள்ளையிடம் காட்டினேன், ஆசை யாரை விட்டது. கையில் வாங்கிப் பார்த்து, "இன்ஜின் சூட்டுல நீண்டிருக்கும் சித்தி" என்றார். அந்த போல்ட்டுகள் போட்ட பிறகு இன்ஜின் ஒரு தடவைகூட ஓடவில்லை.

ரேஸைப் பற்றி நீட்ட மாட்டேன். பம்பரம் ஜெயித்தாள். பச்சைக் கார் கடைசிச் சுற்று வரைக்கும் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது, இவள் இடம் கொடுக்கவில்லை. இன்ஜின் ஒரு முனகல்கூட முனகவில்லை. கோப்பையை வாங்கும்போது பத்திரிகைக்காரர்கள் அத்தானிடம் வெற்றியின் ரகசியம் கேட்டார்கள். "இன்ஜின் எங்க மாப்பிள்ளை கைபட்டது" என்றார். மாப்பிள்ளை அடக்கமாகத் தலை குனிந்தார். எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அடுத்த வருஷமும் பெண் ஓட்டப் போகிறாள், அது போதும்.

டீமின் கூடாரத்துக்குள் வந்து உட்கார்ந்தோம். பம்பரம் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அப்பா, அடுத்த வருஷத்துக்கு டயரை மாத்திப் பாக்கலாம்னு நினைக்கிறேன்" என்றாள்.

"அடுத்த வருஷம் என்னம்மா?" என்றார் அத்தான், ரொம்பச் சாதாரணமாக. "அதான் ஜெயிச்சாச்சே. ஜெயிச்ச கையோட நிறுத்தினாத்தான் மரியாதை. மாப்பிள்ளைக்கும் ஓட்டிப் பாக்கணும்னு ஒரு ஆசை இருக்கு. அவர் ஓட்டட்டும்."

"நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றார் மாப்பிள்ளை. "மாமாதான் கேக்கல."

"ஜெயிச்சா ஓட்டலாம்னு சொன்னீங்களேப்பா."

"அப்ப சொன்னேன்மா."

அக்காவைப் பார்த்தேன். தலை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தோற்றால் போதும், ஜெயித்தாலும் போதும்! இந்த ஆளுக்காகவா இத்தனை வருஷம் நான் கிரீஸில் ஊறினேன்? எழுந்து நாலு வார்த்தை கேட்கத்தான் போனேன். பம்பரம் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சரிப்பா. நிறுத்திடறேன்" என்றாள். "உங்க கார் ஓட்டறதை. பச்சைக் கார்காரங்க அவங்களுக்கு ஓட்டச் சொல்லிக் கேட்டிருந்தாங்க. காலையில சரின்னு சொல்லிட்டேன்."

"காலையிலயா?" அத்தான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "ரேஸுக்கு முன்னாடியேவா?"

"நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும்பா." தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி வைத்தாள். "சித்தியையும் கேட்டாங்க. அவங்களும் வருவாங்கன்னு சொல்லிட்டேன்."

என்னை அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

அக்காவின் தலை ஆடுவதை நிறுத்திவிட்டது. மாப்பிள்ளைதான் கவலையோடு கேட்டார்: "அப்ப நம்ம இன்ஜினை யாரு கோக்கறது?"

"அதான் நீங்க இருக்கீங்களே" என்றாள் பம்பரம், எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே.

மாப்பிள்ளை மலர்ந்து போய் மாமனாரைப் பார்த்தார். அத்தான் வாயைத் திறந்தார். அந்த ஒரு நிமிஷம் 'உங்களுக்கு இன்ஜின் வேலை தெரியாது மாப்பிள்ளை' என்கிற உண்மையைச் சொல்லிவிட அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை முகத்துக்கு நேராக நின்றுகொண்டிருந்தாரே, எப்படிச் சொல்வது?

"ஆமா மாப்பிள்ளை" என்றார்.